கர்ப்பத்துக்கு முன்னால் ஒரு கேள்வி

வணக்கம் நேயர்களே.

நாள் தள்ளிப்போய், வீட்டிலேயே சோதித்துப் பார்த்து, பிறகு மருத்துவமனைக்கு வரும்போது பல பெண்களுக்கு ஏழெட்டு வாரம் ஆகியிருக்கும். ஆனால் குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறப்போகிற நரம்புக்குழாய், கரு உருவான சுமார் 28 நாட்களுக்குள்ளேயே மூடிவிடுகிறது. அது சரியாக மூடத்தான் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின். அன்று செவிலியர்களான நாங்கள் அதை எடுத்துக் கொடுக்கும்போது அந்த வேலை முடிந்துபோயிருக்கும். தினமும் 400 மைக்ரோகிராம் மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பாவது தொடங்கியிருக்க வேண்டும்.

சரி, இன்னும் கர்ப்பமாகாத பெண்ணிடம் இதை யார் சொல்வது? மகப்பேறு மருத்துவரிடம் அவர் போகப்போவதில்லை. ஆனால் சர்க்கரை பார்க்க வருகிறார், வலிப்பு மாத்திரை வாங்க வருகிறார், மூத்த குழந்தைக்குத் தடுப்பூசி போட வருகிறார். அங்கெல்லாம் அவரிடம் பேசுவது பெரும்பாலும் ஒரு நர்ஸ்தான். "அடுத்த ஒரு வருடத்தில் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதாம்மா?" என்று அவர் கேட்டால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து தொடங்கும்.

வலிப்பு நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். வால்ப்ரோயேட் என்ற மருந்தைக் கர்ப்ப காலத்தில் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. இதைக் கேட்டுப் பயந்து மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு வந்து தாயின் உயிருக்கே ஆபத்து. மருந்தை மாற்றுவது நரம்பியல் மருத்துவரின் வேலை. மாற்றப் பல மாதங்கள்கூட ஆகலாம். மருந்துச் சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்ததும் அவரிடம் அனுப்பிவைப்பது நர்ஸின் வேலை. அதுவரை கருத்தடையைப் பற்றிப் பேசுவதும்தான். சர்க்கரை நோயிலும் இதே கதைதான்: ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை அளவு 6.5 சதவீதத்துக்குக் கீழே வந்தபின் கருத்தரிப்பது நல்லது. ரூபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மைக்கான தடுப்பூசியைக் கர்ப்பத்தில் போடவே கூடாது. முன்பே போட்டுக்கொண்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

கேட்கும் விதமும் முக்கியம். கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். "இல்லை" என்று சொன்னால் அதுவும் நல்ல பதில்தான். ஏன் என்று துருவக் கூடாது. குழந்தைக்காக வருடக்கணக்கில் ஏங்குகிறவராகவும் இருக்கலாம், குரலில் அந்தக் கவனம் வேண்டும். கூட்டத்துக்கு நடுவே இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று என் சக செவிலியர்கள் கேட்பது நியாயம்தான். அதனால்தான் சொல்கிறேன், நர்ஸின் நினைவை நம்பி விடாமல் பதிவுத் தாளிலேயே இந்தக் கேள்வியை அச்சிட்டுவிட வேண்டும்.

அப்புறம், கணவர்களே, நீங்களும் வாருங்கள். விந்தணு முழுதாக உருவாக இரண்டரை மாதம் போல ஆகும். புகையை நிறுத்துவதென்றால் அதற்கும் முன்னால் நிறுத்துங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணு இருக்கிறதா என்று இருவருமே ரத்தம் பரிசோதித்துக்கொள்ளலாம். இருவருக்கும் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

வரும்போது இப்போது சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் அட்டையோடு எடுத்து வாருங்கள். நர்ஸ் கேட்க மறந்தால் நீங்களே பேச்சை எடுங்கள். நன்றி, வணக்கம்.