அந்தப் பலகைக்கு அங்காலதான், மாமா!

நடுவர் அவர்களே, எதிரணியினரே, பொங்கல் சாப்பிட்ட மயக்கத்திலும் கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கும் என் உறவுகளே, வணக்கம். தந்திருப்பது எட்டு நிமிடம். அதில் மூன்று நிமிடத்தை எதிரணி அண்ணை வணக்கம் சொல்லியே முடித்தார். நான் விஷயத்துக்கு வருகிறேன்.

லண்டனைச் சுற்றி வளையமாக, கட்டடம் எழும்பாமல் காத்து வைத்திருக்கும் நிலம்தான் கிறீன் பெல்ட். அதில் புது வீடு கட்டக் கூடாது என்று இந்த நாட்டு மக்கள் சொல்கிறார்களே, அதற்குக் காரணம் மண் பற்றா, வீட்டு விலைப் பற்றா? இதுதான் தலைப்பு. எதிரணிக்கு மண் கிடைத்தது. மண்ணென்றால் நாலு கவிதை சொல்லலாம், கண்ணைத் துடைக்கலாம், கைதட்டல் வாங்கலாம். எங்களுக்குக் கிடைத்தது மோட்கேஜ், அதுதான் வீட்டுக் கடன். மோட்கேஜுக்கு எந்தக் காலத்தில் யார் கைதட்டினார்கள்? ஆனாலும் உண்மை எங்கள் பக்கம்தான் இருக்கிறது, என்ன செய்ய!

எதிரணியின் முதல் பேச்சாளர் 1938-ஆம் ஆண்டுக் கிறீன் பெல்ட் சட்டத்தைச் சொன்னார். 1955-இல் அமைச்சர் டங்கன் சாண்டிஸ் கிறீன் பெல்ட் அமைக்கச் சொல்லி நாடு முழுக்க அனுப்பிய சுற்றறிக்கையைச் சொன்னார். எல்லாம் சரி. ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். கிறீன் பெல்ட் எதற்காக என்று அரசின் திட்டக் கொள்கையிலேயே ஐந்து காரணம் எழுதியிருக்கிறது. நகரம் கண்டபடி பரவக் கூடாது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒட்டிக்கொள்ளக் கூடாது. கிராமப்புறத்தை நகரம் விழுங்கக் கூடாது. பழைய நகரங்களின் சூழல் கெடக் கூடாது. நகரத்துக்குள் பாழாய்க் கிடக்கும் நிலத்தைத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். அவ்வளவுதான். அண்ணை சொன்ன மானும் குயிலும் அந்த ஐந்தில் எங்கே? லண்டன் கிறீன் பெல்ட் ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல். லண்டன் மாநகரத்தைப் போல் மூன்று மடங்கு. அதில் பாதிக்கு மேல் விவசாய நிலம். வேலி போட்டிருக்கும். மிச்சத்தில் கோல்ஃப் மைதானமும் உண்டு. உள்ளே கால் வைத்துப் பாருங்கள், “எக்ஸ்கியூஸ் மீ” என்று ஒரு குரல் வரும். மரியாதையான குரல்தான். ஆனால் வெளியே போகச் சொல்லும்.

சரி, கதைக்கு வருகிறேன்.

வட லண்டனில், என்ஃபீல்டில் எங்களுக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். இந்த மண்டபத்தில்கூட இருக்கலாம், வடை வரிசையில் நிற்கலாம். 2021-இல் என்ஃபீல்ட் கவுன்சில் ஒரு வரைவுத் திட்டம் வெளியிட்டது. குரூஸ் ஹில், சேஸ் பார்க் பக்கம் கிறீன் பெல்ட் நிலத்தில் வீடுகள் வரலாம் என்று அதில் இருந்தது. அண்ணைக்கு இரத்தம் கொதித்துவிட்டது. ‘கிறீன் பெல்ட்டைக் காப்பாற்றுவோம்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய பலகை ஒன்றை வாங்கி வந்து வீட்டு முன்னால் நட்டார். சும்மா நடவில்லை. ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்த்து, ஒரு பக்கம் அரை அங்குலம் சரிவு என்று பிடுங்கி, மறுபடி நட்டார். வரவேற்பறை யன்னலில் நின்று பார்த்தால் முதலில் பலகை தெரியும். பிறகு றோட், றோட்டுக்கு அங்கால வேலி, வேலிக்கு அங்கால வயல். அந்த வயலுக்குள் அண்ணை ஒரு நாளும் இறங்கினதில்லை. குரூஸ் ஹில்லுக்கு மட்டும் போவார், அங்கே வரிசையாக இருக்கும் நாற்றுக் கடைகளில் ரோசாக் கன்று வாங்க.

இந்த நேரத்தில் மகளுக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். சாதகம் பொருத்தம். பெடியன் நல்ல வேலை. தாய் தகப்பன் தங்கமான சனம். மேசையில் மட்டன் ரோல்ஸ், மீன் கட்லட், பால் தேத்தண்ணி. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணை சாய்ந்திருந்து, மாமனார் குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டார்:

“தம்பி, வீடு வாங்கிற எண்ணம் இருக்கோ?”

“ஓம் மாமா, பார்த்து வச்சிருக்கிறன்.”

“சந்தோசம். எந்தப் பக்கம்?”

“கெற்றறிங்.”

நடுவர் அவர்களே, கட்லட் தொண்டையில் நின்றுவிட்டது. கெற்றறிங் எங்கே இருக்கிறது? என்ஃபீல்டில் இருந்து காரில் ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டும், அதுவும் றோட்டில் ஒருவரும் இல்லாவிட்டால். அண்ணை தண்ணி குடித்தார். “என்ன தம்பி, அவ்வளவு தூரம்! ஒரே பிள்ளை. எங்களுக்குக் கிட்ட ஒரு வீடும் கிடைக்கேல்லையோ?” என்றார்.

பெடியன் மரியாதையானவன். பதில் சொல்லத் தயங்கினான். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். மெதுவாக யன்னல் பக்கம் திரும்பினான்.

“கிட்ட வாங்கத்தான் மாமா ஆசைப்பட்டனான். அந்தப் பலகைக்கு அங்காலதான், மாமா, கட்டுறதா இருந்தவை.”

இருங்கோ, இருங்கோ, கதை முடியவில்லை. இது அண்ணை சொன்ன பதிப்பு. அவர் மனைவி, எங்கள் அக்காவிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார். அக்காவின் பதிப்பில் அந்தப் பெடியன் வாயே திறக்கவில்லை. தட்டோடு வந்த மகள்தான், தட்டை மேசையில் டொக்கென்று வைத்து, “அப்பா, அவரை ஏன் கேட்கிறியள்? யன்னலைப் பாருங்கோ” என்றாளாம். எது உண்மையோ எனக்குத் தெரியாது. இரண்டு பதிப்பிலும் பலகை மட்டும் அசையாமல் நிற்கிறது, ஏனென்றால் அது ஸ்பிரிட் லெவல் வைத்து நட்டது!

கலியாணம் நடந்தது. பேரப்பிள்ளையும் பிறந்துவிட்டது, கெற்றறிங்கில். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணை ஆட்டுக்கறிச் சட்டியை அக்காவின் மடியில் வைத்துவிட்டு வண்டியை எடுக்கிறார். போகிற வழியில் இரண்டு பக்கமும் என்ன? அவர் காப்பாற்றிய கிறீன் பெல்ட். அதைப் பார்த்துக்கொண்டே, அதற்கு மேல் டீசல் புகையை விட்டுக்கொண்டே பேரனைப் பார்க்கப் போகிறார்! வளையத்துக்குள் வீடு இல்லாவிட்டால் பிள்ளைகள் வளையத்தைத் தாண்டிப் போய்க் குடியேறுகிறார்கள். பிறகு வேலைக்கு அதே வளையத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு காலையும் மாலையும் ஓடுகிறார்கள்.

இனி அந்த நக்கலுக்கு வருகிறேன். எனக்கு முன் பேசிய அண்ணை என்ன சொன்னார்? “வீட்டு முன்னால் இருந்த புல்லைக் கொத்தி, சீமெந்து போட்டு, நாலு கார் விட்டிருக்கிறவருக்குப் பசுமையைப் பற்றிக் கதைக்க என்ன தகுதி?” நீங்கள் கைதட்டினீர்கள். என் மனைவியும் கைதட்டினார், மூன்றாவது வரிசை, நான் பார்த்தேன்.

நாலு கார். ஓம். எண்ணிப் பார்ப்போம். ஒன்று என்னுடையது. இன்னொன்று மனைவியுடையது. மூன்றாவது மூத்தவனுடையது, அவனுக்கு வயது முப்பத்து மூன்று. நாலாவது மகளுடையது, அவளுக்கு இருபத்தொன்பது. இரண்டு பேரும் வேலை, இரண்டு பேரும் எங்களோடு. மூத்தவன் இருப்பது பொக்ஸ் ரூம், வீட்டிலேயே சின்ன அறை. கட்டில் போட்டபின் அந்தக் கதவு பாதிதான் திறக்கும். அவன் உள்ளே போவதென்றால் முதலில் இடது தோள், பிறகு தலை, பிறகுதான் மிச்ச ஆள். 1997-இல் லண்டனில் ஒரு வீட்டின் விலை வருடச் சம்பளத்தில் நாலு மடங்கு. இன்றைக்குப் பத்து மடங்குக்கு மேல். அவன் எங்கே போவான்? அந்த இரண்டு பிள்ளைக்கும் கிட்டடியில் இரண்டு வீடு கொடுங்கள். இரண்டு கார் கிளம்பும். அடுத்த நாளே சீமெந்தில் பாதியைக் கொத்தி எடுத்து வெந்தயக்கீரை போடுவேன். ஆகவே, நடுவர் அவர்களே, என் வீட்டு முன்னால் பசுமை வர வேண்டுமென்றால் கிறீன் பெல்ட்டில் வீடு கட்ட வேண்டும்! இந்தத் தர்க்கத்துக்கு எதிரணி பதில் சொல்லட்டும்.

இதோடு விடலாம்தான். ஆனால் அவர் என் வீட்டுக்கு வந்து பார்த்ததுபோல நானும் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். முன்னால் புல் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. பச்சைப் பசேல் என்று, ஒரே உயரத்தில், மார்கழிக் குளிரிலும் நிறம் மாறாமல் இருக்கிறது. குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

பிளாஸ்ரிக்.

சனிக்கிழமை காலையில் அதற்கு வாக்கியூம் பிடிக்கிறார்! மண் பற்றுக்குத் தலைமை தாங்கும் அண்ணையின் காலில் மண் பட்டு எவ்வளவு காலமோ!

சரி, மக்கள் கருத்து என்றார்களே. 2015-இல் கிராமப்புறப் பாதுகாப்பு அமைப்பான சிபிஆர்இ-க்காக இப்சோஸ் மோரி ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. கிறீன் பெல்ட் நிலத்தில் கட்டக் கூடாது என்றவர்கள் 64 சதவீதம். எதிரணி இந்தக் கணக்கைக் கொடி மாதிரிப் பிடித்து ஆட்டினார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் சொந்த வீட்டில் இருந்த குடும்பங்கள் எத்தனை சதவீதம் தெரியுமோ? கிட்டத்தட்ட அதே 64! இதைக் கணக்கு வாத்தியார் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அடிப்பார். மேடைக்கு இது போதும்.

2021 யூனில், லண்டனுக்கு வடமேற்கே செஷாம் அன்ட் அமர்ஷாம் தொகுதியில் பாராளுமன்ற இடைத்தேர்தல். 1974-இல் தொகுதி உருவான நாள் முதல் கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டு அசையாத இடம். வீடு கட்டும் விதிகளைத் தளர்த்தப் போகிறோம் என்று அப்போதைய கன்சர்வேட்டிவ் அரசு வாய் திறந்தது. எச்எஸ்2 என்ற அதிவேக ரயில் பாதைக் கோபமும் சேர்ந்துகொண்டது. லிபரல் டெமோக்கிராட் கட்சி எண்ணாயிரம் வாக்கு வித்தியாசத்தில் தூக்கிக்கொண்டு போனது. அரசு அந்தத் திட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டது. அந்தத் தொகுதி முழுக்க மண்ணைக் கும்பிடுகிறவர்கள் என்று எதிரணி சொன்னால் நான் நம்புகிறேன். அங்கே வீட்டு விலை என்ன என்றும் ஒருமுறை பார்த்துவிட்டு நம்புகிறேன்.

இப்போதைய அரசு 15 லட்சம் வீடு என்கிறது. 2025 செப்டெம்பரில் புதிய நகரங்களுக்கான பணிக்குழு தந்த பட்டியலில் நம்முடைய குரூஸ் ஹில்லும் சேஸ் பார்க்கும் இருந்தன, 21,000 வீடு வரை வரலாம் என்று. என்ஃபீல்ட் அண்ணைக்கு இரண்டாவது பலகை தேவைப்படும். அது நிற்க.

நான் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறேன். ‘எங்கள் வீடு’ என்று கட்டுரை எழுதச் சொல்வது வழக்கம். எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரித்தான் எழுதும்: எங்கள் வீடு அழகானது, நான்கு அறைகள் உண்டு, பின்னால் தோட்டம் உண்டு. ஒரு சின்னப் பிள்ளை எழுதியிருந்தது: “எங்கள் வீடு ஒரு ஹோட்டல். ஒரு கட்டில் இருக்கு. அம்மாவும் நானும் தம்பியும் படுப்பம். அடுப்பு இல்லை. அம்மா கேத்திலில் நூடில்ஸ் செய்வா.” ‘ஹோட்டல்’ என்று எழுதிய இடத்தில் கொம்பு மாறியிருந்தது. நான் திருத்தவில்லை.

கவுன்சில் போட்ட தற்காலிக இடம் அது. லண்டனில் ஐம்பது பேரில் ஒருவர் அப்படித்தான் இருக்கிறார் என்று லண்டன் கவுன்சில்களின் அமைப்பே கணக்குச் சொல்கிறது. சராசரியாக ஒரு வகுப்பறைக்கு ஒரு பிள்ளை.

கடைசியாக ஒன்று. 1995 ஐப்பசி. யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் சனம் வெளிக்கிட்டது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும், நடந்தவர்களே இங்கே இருக்கிறீர்கள். மழை. செம்மணி வெளியில் கால் வைக்க இடமில்லை. தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு யார் இடம் தந்தது? என் அம்மா கொடிகாமத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் படலையில் போய் நின்றார். அவர் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. மாமரத்துக்குக் கீழே தண்ணி ஊற்றி வளர்த்த பூக்கன்றுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “இதில கொட்டில் போடுங்கோ அம்மா, ஓலை நான் தாறன்” என்றார். பச்சைப் பசேல் என்று இருந்த வளவு அது. பத்துக் குடும்பம் இருந்தோம். அந்த மனுசன் ஒரு நாள்கூட வளவு பழுதாய்ப் போச்சுது என்று சொல்லவில்லை.

இனிப் பேச வரும் எதிரணித் தங்கை, “அது போர்க்காலம், இது வேறு” என்று சொல்வார். சொல்லட்டும். அதைச் சொல்லும்போது, கேத்திலில் நூடில்ஸ் செய்கிற அந்தத் தாய்க்கு எந்த வயலில், எந்தத் தெருவில் ஒரு அடுப்படி தரப்போகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். இரண்டாவது மணியும் அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, நீங்கள் பார்த்து ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.