கை தண்ணீரை எட்டினால் கயிறு நீளம்

வணக்கம் நேயர்களே.

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஈஸ்ட் லண்டன் துறைமுகம் பக்கம் பாய்மரப் படகில் போனவர்களுக்கு அந்தக் கடலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அகுல்யாஸ் நீரோட்டம் தென்மேற்கே ஓடுகிறது. சில இடங்களில் மணிக்கு 4 கடல் மைலைத் தாண்டும். எதிரே தென்மேற்குக் காற்று கிளம்பினால் அலை சுவர் மாதிரி நிமிர்ந்துவிடும். அந்த நேரத்தில்தான் பாயைக் குறைக்க ஒருவர் அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, போக வேண்டியிருக்கும். அவரைப் படகோடு பிடித்து வைப்பவை இரண்டு: தளத்தில் நீளவாக்கில் கட்டிய ஜாக்லைன் என்ற பட்டை, அவர் மார்பில் கட்டிய வாரிலிருந்து அதில் மாட்டும் டெதர் என்ற சிறு கயிறு.

பலர் ஜாக்லைனைத் தளத்தின் ஓரமாகக் கட்டி, 2 மீட்டர் டெதரை மாட்டுகிறார்கள். விழுந்தால் உடம்பு தண்ணீருக்குள் போய்விடும். ஓடும் படகு இழுக்க இழுக்க, கட்டியிருந்தும் மூழ்கிப்போவார். அதனால் ஜாக்லைனை முடிந்தவரை நடுவில் கட்டுங்கள். 1 மீட்டர் டெதரைப் பயன்படுத்துங்கள். ஜாக்லைனை அமரம் வரை, அதாவது பின்முனை வரை, கொண்டுபோகாமல் கொஞ்சம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். படகு கட்டிக் கிடக்கும்போதே மாட்டிக்கொண்டு ஓரத்தில் சாய்ந்து பாருங்கள். கை தண்ணீரை எட்டினால் கயிறு நீளம் என்று அர்த்தம். ஓரத்துக் கம்பி வேலியில் மட்டும் கொக்கி மாட்டவே மாட்டாதீர்கள்.

சரி, ஜாக்லைனுக்கு எதை வாங்குவது? காரின் சீட் பெல்ட் போன்ற தட்டைப் பட்டை நல்லது. உருண்டைக் கயிறு காலடியில் உருளும். நைலான் இழுபடும், பாலியெஸ்டர் அவ்வளவு இழுபடாது. கடல் பந்தய விதி கேட்பது குறைந்தது 2,040 கிலோ தாங்கும் பட்டை.

டர்பன் துறைமுகத்துச் சால்ஸ்பரி தீவில் வலை இழுத்த நம் பெரியவர்கள் பருத்தி வலையை வெயிலில் காயப் போட்டார்கள், இல்லாவிட்டால் மக்கிவிடும். இந்தச் செயற்கைப் பட்டைக்கோ வெயில்தான் எமன். கரைக்கு வந்ததும் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். தையல் நூலை நகத்தால் நெருடிப் பாருங்கள். நூல் பிரிந்தாலும், பட்டை வெளுத்து விறைத்தாலும் தூக்கிப் போடுங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

அப்புறம் கொக்கி. 2017 நவம்பரில், கேப் டவுனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன உலகச் சுற்றுப் பந்தயப் படகிலிருந்து ஒருவர் கடலில் விழுந்தார். டெதர் மாட்டியிருந்தார். ஆனால் அதன் கொக்கி தளத்திலிருந்த கிளீட்டுக்கு (கயிறு சுற்றிக் கட்டும் கொம்புக்கு) அடியில் சிக்கி, பக்கவாட்டு இழுப்பில் வளைந்து விட்டுவிட்டது. அவர் பிழைக்கவில்லை. உங்கள் ஜாக்லைன் போகும் வழியில் எத்தனை கிளீட் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கொக்கி எதற்கு அடியிலாவது நுழைகிறதென்றால், பட்டையை அங்கிருந்து நகர்த்திக் கட்டிவிட்டுக் கிளம்புங்கள்.