லாரியில் வந்த நாடகம்

நேயர்களுக்கு வணக்கம்.

‘ஸ்கார்ஃபேஸ்’ என்று 1983-ல் ஒரு அமெரிக்கப் படம் வந்தது. தப்பு வழியில் சம்பாதித்த பணத்தை நீட்டும் மகனை, ஒரு அம்மா வீட்டைவிட்டே விரட்டுவார். மகன் அல் பசீனோ. அம்மா மிரியம் கோலோன். இருவருக்கும் நான்கு வயதுகூட வித்தியாசம் கிடையாது! சினிமா அப்படித்தான். சரி, நான் பேச வந்தது அந்த அம்மாவின் லாரியைப் பற்றி.

மிரியம் 1936-ல் போர்ட்டோ ரிக்கோ தீவின் போன்ஸே நகரில் பிறந்தவர். நியூயார்க் வந்து, ஆக்டர்ஸ் ஸ்டுடியோ என்ற பேர்பெற்ற நடிப்புப் பட்டறையில் இடம் பிடித்த முதல் போர்ட்டோ ரிக்கோக்காரர். ஆனாலும் குதிரையும் துப்பாக்கியுமாக ஓடும் படங்களில் மெக்சிகோப் பெண் வேஷம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

1966-ல் ஒரு நாடகத்தில் நடித்தார். ரெனே மார்க்கேஸ் எழுதிய ‘லா கார்ரேத்தா’, அதாவது ‘மாட்டு வண்டி’. போர்ட்டோ ரிக்கோவின் மலைக் கிராமத்தில் பிழைக்க வழியில்லாத குடும்பம் முதலில் தலைநகர் சான் ஹுவானின் குடிசைப் பகுதிக்கு வருகிறது, அப்புறம் நியூயார்க்குக்கு. அங்கே மகன் இயந்திரத்தில் சிக்கிச் சாகிறான். அந்த ஊரின் பிரான்க்ஸிலும் கிழக்கு ஹார்லெமிலும் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து சேர்ந்த வழியும் இதேதான். அவர்களில் எத்தனை பேர் அரங்குக்குப் போய் டிக்கெட் வாங்கியிருப்பார்கள்? காசு மட்டுமா தடை? கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் ‘இது நமக்கில்லை’ என்று கால் பின்வாங்குமே, அதுவும்தான்.

மறு வருஷம், 1967-ல், மிரியம் நாடகத்தையே அவர்களிடம் கொண்டுபோனார். லாரிமேல் மேடை. பூங்காக்களிலும் தெருக்களிலும் காட்சி. டிக்கெட் கிடையாது. அப்படிப் பிறந்ததுதான் போர்ட்டோ ரிக்கோ பயண நாடகக் குழு.

நான் நாடகங்களுக்கு விளக்குப் போடுகிறவன், அதனால் ஒன்று சொல்கிறேன். அரங்குக்குள் ஒருவர் இருமினாலே நடிகருக்குக் கோபம் வரும். தெருவில்? ஒருமுறை நான் வேலை பார்த்த தெரு நாடகத்தில், சாவுக் காட்சியின் நடுவே ஐஸ் வண்டி மணியடித்தது. முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஓடிவிட்டன. செத்துக்கிடந்த நடிகர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்! பிள்ளைகள் ஐஸோடு திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் அழுகை தொடர்ந்தது. தெருவில் ஆடுவதென்றால் இதுதான். இதை ஒரு நாள் செய்யலாம். மிரியம் கோடைதோறும் செய்தார்.

லாரியோடு நிற்கவில்லை. பிராட்வே அரங்குகளுக்குப் பக்கத்தில், 47-ஆவது தெருவில், பழைய தீயணைப்பு நிலையம் ஒன்றைப் பிடித்து நாடக அரங்கு ஆக்கினார். இருநூறு இருக்கைகூடத் தேறாது. எனக்கு அவர்மேல் பைத்தியம் பிடித்ததே இங்கேதான்: அங்கே ஒரே நாடகம் ஒரு நாள் ஸ்பானிஷில், ஒரு நாள் ஆங்கிலத்தில். பாட்டி ஒரு நாள் வரலாம், ஸ்பானிஷ் மறந்துபோன பேரன் இன்னொரு நாள் வரலாம். வீட்டுக்குப் போய் இருவரும் ஒரே கதையைப் பற்றிச் சண்டை போடலாம். மறுபடி சொல்கிறேன், மொழிபெயர்ப்புத் துண்டுச்சீட்டு அல்ல, முழு நாடகம், இரண்டு மொழியிலும்! அந்த உழைப்பை யோசித்துப் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தானாம். இளைஞர்களுக்கு அவர் நடத்திய நடிப்புப் பயிற்சியைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும். 2014-ல் அவருடைய குழு, பிரான்க்ஸின் ப்ரெகோனெஸ் குழுவோடு சேர்ந்தது. அடுத்த வருஷம் அதிபர் ஒபாமா கையால் தேசியக் கலைப் பதக்கம். 2017 மார்ச்சில், எண்பது வயதில், நியூயார்க்கிலேயே காலமானார். அந்தத் தீயணைப்பு நிலையத்தில் நாடகம் தொடர்கிறது.

வணக்கம்.