பூட்டினேன், ஆனா திறந்தே கிடந்தது: டிஸ்பேஸ்ல குழு வாரியா அனுமதி கொடுக்கிறது எப்படி?

[திரையில்: ஒரு கல்லூரி நூலகத்தோட டிஸ்பேஸ் முகப்பு. ஒரு தீசிஸ் தலைப்பு மேல கர்சர் நிக்குது.]

வணக்கம். முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு கல்லூரி நூலகத்துல நடந்த கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். வேதியியல் பேராசிரியர் ஒருத்தர் வந்தாரு. "தம்பி, என் பசங்க தீசிஸ் நாலு உங்க ரெப்பாசிட்டரியில இருக்கு. ஒரு வருஷத்துக்கு வெளியாள் யாரும் ஃபைலை எடுக்கக் கூடாது. நம்ம டிபார்ட்மென்ட் மட்டும் பாத்தா போதும்"னாரு. "அதுக்கென்ன சார், அஞ்சு நிமிஷ வேலை"ன்னேன். கலெக்‌ஷன் செட்டிங்ஸைத் திறந்து மாத்திட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

சாயங்காலம் போன். "மூடியாச்சுன்னு சொன்னீங்களே? என் பேரன் வீட்ல உக்காந்து பிடிஎஃப் இறக்கிட்டு இருக்கான்!"

அந்த அஞ்சு நிமிஷத்துல ரெண்டு தப்பு பண்ணியிருந்தேன். அந்த ரெண்டும் புரிஞ்சா டிஸ்பேஸோட அனுமதி முறை முக்கால்வாசி புரிஞ்ச மாதிரி.

டிஸ்பேஸ் புதுசா இருக்கிறவங்களுக்கு ஒரு வரி. கல்லூரி, பல்கலைக்கழகங்களோட தீசிஸ், கட்டுரை மாதிரி ஃபைல்களைச் சேமிச்சு இணையத்துல தேட வைக்கிற களஞ்சியத்துக்கான (ரெப்பாசிட்டரி) மென்பொருள் இது. எம்ஐடி நூலகமும் ஹெச்பி ஆய்வகமும் சேர்ந்து 2002ல ஓப்பன் சோர்ஸா வெளியிட்டாங்க. இந்தியப் பல்கலைக்கழக தீசிஸ்களைச் சேர்த்து வைக்கிற ஷோத்கங்கா தளத்துல தேடியிருக்கீங்களா? அதுக்குப் பின்னாடி ஓடுறதும் டிஸ்பேஸ்தான்.

[திரையில்: ஒண்ணுக்குள்ள ஒண்ணா அஞ்சு பெட்டி.]

மேல இருந்து பாருங்க. கம்யூனிட்டி, நம்ம உதாரணத்துல வேதியியல் துறை. அதுக்குள்ள கலெக்‌ஷன், துறையோட பிஎச்டி தீசிஸ்கள். அதுக்குள்ள ஐட்டம், ஒரு தீசிஸோட பதிவு: தலைப்பு, எழுதினவர், வருஷம், சுருக்கம். ஐட்டத்துக்குள்ள பண்டில், ஃபைல்களைக் கட்டி வச்சிருக்கிற கட்டு. கடைசியா பிட்ஸ்ட்ரீம். பேரு பெருசா இருந்தாலும் அது வெறும் ஃபைல்தான், அந்த பிடிஎஃப்.

இந்தப் பக்கம் ஆளுங்க. கணக்கு வச்சிருக்கிற ஒவ்வொருத்தரும் ஒரு ஈபெர்சன். ஈபெர்சன்களைச் சேர்த்தா குரூப். குரூப்புக்குள்ள இன்னொரு குரூப்பையும் வைக்கலாம். நிறுவும்போதே ரெண்டு குரூப் கூட வரும்: அட்மினிஸ்ட்ரேட்டர், அனானிமஸ்.

ரெண்டு பக்கத்தையும் சேர்க்கிறது பாலிசி. ஒரு பாலிசின்னா ஒரே ஒரு வாக்கியம். "இந்த குரூப், இந்தப் பொருள்ல, இந்த வேலையைச் செய்யலாம்." வேலைங்கிறது ரீட், ரைட், ஆட், ரிமூவ் மாதிரி. அவ்வளவுதான். "செய்யக் கூடாது"ன்னு எழுத டிஸ்பேஸ்ல வழியே கிடையாது. அனுமதி வரி இருந்தா உண்டு, இல்லைன்னா இல்லை. இந்த இடத்துலதான் நான் முதல்ல சறுக்கினேன்.

[திரையில்: பாலிசி பட்டியல். ரெண்டு வரி: அனானிமஸ் ரீட், வேதியியல் துறை ரீட்.]

"வேதியியல் துறை பார்க்கலாம்"னு ஒரு வரி சேர்த்தேன். மேல ஏற்கெனவே இருந்த "அனானிமஸ் பார்க்கலாம்"ங்கிற வரியை எடுக்கலை. அனானிமஸ்னா லாகின் பண்ணாதவங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். கிடையாது. லாகின் பண்ணினவங்க, பண்ணாதவங்க, தேடுபொறி, பேராசிரியர் வீட்டுப் பேரன், எல்லாரும் அனானிமஸ்ல அடக்கம். வாசக்கதவு பப்பரப்பான்னு திறந்து கிடக்கு, நான் கொல்லைக் கதவுக்கு ஒரு சாவி அடிச்சுக் கொடுத்திருக்கேன். ஆக, ஒரு ஃபைலைக் கட்டுப்படுத்தணும்னா முதல் வேலை அனானிமஸ் வரியை அழிக்கிறது. துறையைச் சேர்க்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம்.

சரி, அழிச்சேன். மறுபடி பார்த்தேன். அப்பவும் ஃபைல் திறக்குது! இது ரெண்டாவது தப்பு. என் கணக்குல இதுதான் ஆளைக் கவுக்கிற தப்பு.

[திரையில்: கலெக்‌ஷன் பாலிசிகள். "டிஃபால்ட் பிட்ஸ்ட்ரீம் ரீட்" வரி மஞ்சள் நிறத்துல.]

கலெக்‌ஷன் பாலிசியில "டிஃபால்ட் ஐட்டம் ரீட்", "டிஃபால்ட் பிட்ஸ்ட்ரீம் ரீட்"னு ரெண்டு இருக்கும். ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி இதை நினைச்சுக்கோங்க. புது தீசிஸ் உள்ள வரும்போது, அன்னைக்கு ஸ்டாம்ப்ல என்ன இருக்கோ அது அந்த ஐட்டத்துலயும் ஃபைல்லயும் குத்தப்படும். நாளைக்கு ஸ்டாம்பை மாத்தினா நாளைக்கு வர்றதுக்குத்தான் புது முத்திரை. ஏற்கெனவே குத்தின காகிதம் எப்படி மாறும்? அந்த நாலு தீசிஸும் முந்தின வருஷமே "அனானிமஸ்" முத்திரையோட உள்ள வந்தாச்சு. நான் மாத்தினது ஸ்டாம்பை மட்டும்.

அதனால பழைய ஐட்டங்களை ஒவ்வொண்ணா எடுத்து எடிட், ஆத்தரைசேஷன்ஸ் போய், பிட்ஸ்ட்ரீம் பாலிசியிலயே மாத்தணும். நாலுன்னா கையாலயே முடிச்சிடலாம். நானூறுன்னா? 7.6 பதிப்புல இருந்து மொத்தமா மாத்துற வசதி வந்திருக்கு. ஐட்டங்களைத் தேர்ந்தெடுத்து, இருக்கிற நிபந்தனையை "மாற்று"ன்னு கொடுக்கலாம், "கூடுதலா சேர்"னும் கொடுக்கலாம். பூட்டணும்னா "மாற்று"தான். "சேர்"னு கொடுத்தா பழைய அனானிமஸ் வரி அப்படியே உக்காந்திருக்கும், மறுபடி கொல்லைக் கதவு கதைதான்.

இன்னொரு ஓட்டை. டிஸ்பேஸ் பிடிஎஃப்புக்குள்ள இருக்கிற எழுத்தை உருவி, தேடலுக்காகத் தனி டெக்ஸ்ட் ஃபைலா வைக்கும். சின்னப் படமும் எடுத்து வைக்கும். இதெல்லாம் வேற பண்டில்ல இருக்கிறதால கண்ணுல படாது. உருவாகும்போது மூல ஃபைலுக்கு என்ன அனுமதி இருந்ததோ அதையே எடுத்துக்கும். பிடிஎஃப்பைப் பூட்டிட்டு இந்த டெக்ஸ்ட் ஃபைலை விட்டுட்டா, முழு தீசிஸும் எழுத்து வடிவத்துல வெளிய கிடக்கும். ஆத்தரைசேஷன்ஸ் பக்கத்துல கீழ வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணி எல்லா பண்டிலையும் பாருங்க.

ஐட்டத்தையே பூட்டலாமான்னு கேப்பீங்க. பூட்டலாம். ஆனா ஐட்டம் ரீடை எடுத்தா, அனுமதி இல்லாதவங்க தேடும்போது தலைப்பு கூட வராது. என்னைக் கேட்டா, ரொம்ப அவசியம் இருந்தாலொழிய அதைச் செய்யாதீங்க. இப்படி ஒரு ஆய்வு நடந்திருக்குங்கிற தகவலாவது வெளிய தெரியட்டும். ஃபைல் ரீடை மட்டும் எடுத்தா தலைப்பும் சுருக்கமும் தெரியும், பிடிஎஃப் பக்கத்துல பூட்டு விழும்.

பேராசிரியர் கேட்டது ஒரு வருஷம்தானே? அதுக்கு நாள்காட்டியில குறிச்சு வச்சுக்கிட்டு ஞாபகமா வந்து திறக்க வேண்டியதில்லை. பாலிசியிலயே தொடக்கத் தேதி போடலாம். அனானிமஸ், ரீட், தொடக்கம் அடுத்த ஜூன் 1. அந்த நாள் வரைக்கும் அந்த வரி செல்லாது, வந்ததும் தானா திறந்துக்கும். இதைத்தான் எம்பார்கோங்கிறாங்க. தேதி இல்லாத பழைய அனானிமஸ் வரி கூடவே இருந்தா எம்பார்கோ சும்மா பேருக்குத்தான்.

[திரையில்: குரூப் பட்டியல்.]

பாலிசியில தனி ஆள் பேரையும் போடலாம். "எச்ஓடி மேடத்துக்கு மட்டும் கொடுங்க"ன்னு கேப்பாங்க, நீங்களும் போடுவீங்க. மூணு வருஷம் கழிச்சு எச்ஓடி மாறுவாங்க. அப்போ அந்தப் பேரு எந்தெந்த ஃபைல்ல எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு தேடி அலையணும். "வேதியியல் எச்ஓடி"ன்னு ஒரு குரூப் போட்டு அதுல ஒரே ஒரு ஆளை வைங்க. ஆள் மாறினா ஒரு இடத்துல மாத்தினா போதும். ஒத்தை ஆளுக்கு ஒரு குரூப்பான்னு சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

அதே மாதிரி, கலெக்‌ஷன்ல யார் பதிவேத்தலாம்னு அசைன் ரோல்ஸ்ங்கிற பக்கத்துல கொடுக்கும்போது, டிஸ்பேஸே நீளமான எண்ணோட ஒரு குரூப் உருவாக்கும். அதுக்குள்ள ஆளுங்களைக் கொட்டாதீங்க. உங்க துறை குரூப்பை அதுக்குள்ள உறுப்பினரா வைங்க.

கல்லூரி வளாகத்துக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டருக்கு லாகின் இல்லாமலே அனுமதி வேணும்னா, ஐபி முகவரியை வச்சு ஒரு குரூப்போட இணைக்கலாம். சர்வருக்கு முன்னாடி ப்ராக்ஸி, அதாவது வர்ற கோரிக்கையை வாங்கி சர்வருக்குக் கடத்துற இடைக் கம்ப்யூட்டர், இருந்தா அந்த செட்டிங்கை சரியா வைங்க. இல்லைன்னா வர்ற எல்லாருமே ப்ராக்ஸியோட முகவரியில இருந்து வர்ற மாதிரி தெரியும். அந்த முகவரி வளாக வரம்புக்குள்ள இருந்துட்டா உலகமே உங்க வளாகம்தான்.

[திரையில்: பிரைவேட் விண்டோ திறக்குது.]

எல்லாம் முடிச்சதும் சோதனை. அட்மின் கணக்குல இருந்து பார்த்துட்டு "சரியா இருக்கு"ன்னு சொல்லாதீங்க. அட்மினுக்கு எந்தப் பூட்டும் கிடையாது, எல்லாமே திறக்கும். பிரைவேட் விண்டோவுல லாகின் இல்லாம ஒரு தடவை பாருங்க. அப்புறம் துறை ஆள் ஒருத்தரா உள்ள போய்ப் பாருங்க. கான்ஃபிக்ல அனுமதிச்சிருந்தா, அட்மின் இன்னொருத்தரா உள்ள போறதுக்கு இம்பர்சனேட்னு ஒரு பொத்தான் இருக்கு. பாஸ்வேர்ட் கேட்டு யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம்.

அன்னைக்கு ராத்திரி அந்த நாலு தீசிஸையும் இப்படித்தான் ஒவ்வொண்ணா மாத்தினேன். பூட்டின ஃபைலை வெளியாள் சொடுக்கினா, டிஸ்பேஸ் ஒரு படிவம் காட்டும்: பேரு, மெயில், ஏன் வேணும்னு ஒரு வரி. அதை அனுப்பினா பதிவேத்தினவருக்குப் போகும். அந்த நாலையும் பதிவேத்தினது நான்தான். மறுநாள் காலையில இன்பாக்ஸைத் திறந்தா முதல் கோரிக்கை வந்து நிக்குது. காரணம்னு இருந்த இடத்துல, "தாத்தா செக் பண்ணச் சொன்னாரு."