ஹெபடைட்டிஸ் பி: மாத்திரை சரி, மனசுக்கு என்ன?

வணக்கம். இன்றைக்குச் சமையல் மேடையில்தான் கேமராவை வைத்திருக்கிறேன், நடுவில் குக்கர் விசில் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஹெபடைட்டிஸ் பி, அதாவது கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் தொற்று, இருக்கிறது என்று போன வீடியோவில் சொன்னேன். அதற்கு வந்த கேள்விகளில் மருந்தைப் பற்றியவை கொஞ்சம்தான். "மாமியாரிடம் சொல்லலாமா அக்கா?", "பெண் வீட்டில் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடுமா?", "என் குழந்தைக்கு முத்தம் கொடுக்கலாமா?" இவைதான் அதிகம். அதனால் இன்றைக்கு வைரஸைப் பற்றிக் கொஞ்சம், அதோடு வாழ்வதைப் பற்றி நிறைய பேசலாம்.

எனக்கு இது தெரிய வந்தது மூத்தவள் வயிற்றில் இருந்தபோது. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ், அதாவது இந்த வைரஸ் உடம்பில் இருக்கிறது என்று வந்தது. அதுவரை எனக்குக் காமாலையே வந்ததில்லை. பசி, தூக்கம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் அப்படித் தங்கும், மற்றவர்களுக்குத் தானாகவே போய்விடும். அதனால், பெண்ணுக்கு பாசிட்டிவ் என்றதும் "எங்கே போய் வாங்கி வந்தாய்?" என்று கேட்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவள் பிறந்த அன்றைக்கே வந்திருக்கலாம் அது.

என் வைத்தியம் தினமும் ஒரு டெனோஃபோவிர், அவ்வளவுதான். இந்த மாத்திரை வைரஸை அடக்கி வைக்கும், பெரும்பாலும் அடியோடு ஒழிக்காது. ஹெபடைட்டிஸ் சி என்றால் மூன்று மாத மாத்திரையில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் குணமாகிவிடுகிறது. நமக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை. ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று நாமாக மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் திரும்பக் கிளம்பிக் கல்லீரலைப் பதம் பார்த்துவிடும். தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

சரி, மனசுக்கு வருவோம். கல்லீரல் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அளக்க 1999இல் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். மொத்தம் 29 கேள்விகள். வயிற்று உபாதை, சோர்வு என்று பிரித்திருக்கிறார்கள், அதில் கவலைக்கு மட்டும் தனியாக ஒரு பகுதி. அதைப் படித்தபோது, யாரோ என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது போல இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்கிறேன், கல்லீரலில் கட்டி ஏதும் வருகிறதா என்று பார்க்க. ஸ்கேனுக்கு முந்தைய வாரம் வீட்டில் யாரோடும் எனக்கு முகம் கொடுத்துப் பேச வராது. ஜெல் தடவிய பிறகு, அந்த டாக்டர் திரையில் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். இதை வீட்டுக்காரரிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவர் லீவு போட்டுவிட்டுக் கூட வர ஆரம்பித்தார்.

சோர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி என்ற ரத்த அளவு நார்மலாக இருக்கும்போதும் பலருக்கு அசதி இருக்கிறது. அதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொன்னால் நம்பாதீர்கள். டாக்டரிடம் சொல்லி, தைராய்டு, ரத்தசோகை ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட என்னை வாட்டியது ஒரு டம்ளர். சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் எனக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளரை ஒதுக்கி, மாறிவிடாமல் இருக்க அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டுக் கவிழ்த்தபோது கண்ணில் பட்டது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, இருமுவதாலோ இது பரவாது. ரத்தத்தாலும், உடலுறவாலும், தாயிடமிருந்து குழந்தைக்கும்தான் பரவுகிறது. அதனால் ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் மூன்று தவணை தடுப்பூசி போட்டுக்கொண்டார். மகளுக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு, வைரஸை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டார்கள். நான் தாய்ப்பால்தான் கொடுத்தேன். பிற்பாடு பார்த்ததில் அவளுக்கு நெகட்டிவ். முத்தம் கேட்ட அம்மாவுக்கு இதுதான் பதில்: தாராளமாகக் கொடுங்கள்.

வளைகுடா வேலைக்குப் போகிற தம்பிகள் நிறைய பேர் எழுதுகிறீர்கள். அங்கே போவதற்கான மெடிக்கலில் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் அன்ஃபிட்தான். ஏஜென்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கிய பிறகு இது தெரிய வருவது பெரிய கொடுமை. பணம் கட்டுவதற்கு முன்னாலேயே உள்ளூரில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அன்ஃபிட் என்றால் உழைக்க முடியாத உடம்பு என்று அர்த்தமில்லை. உங்கள் பேரில் தப்பும் இல்லை.

சாப்பாட்டில் பெரிய பத்தியம் ஏதும் கிடையாது. மதுவை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். பூஞ்சை பிடித்த நிலக்கடலையைப் பார்த்தால் தூக்கிப் போடுங்கள், அதிலிருக்கும் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சு நம்மைப் போன்றவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் அபாயத்தை இன்னும் கூட்டும். கீழாநெல்லி, கல்லீரல் பொடி என்று யார் எதைக் கொடுத்தாலும் டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடாதீர்கள். காபி குடிக்கலாம், கல்லீரலுக்கு நல்லது என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. 2018 ஜூலை 28 முதல் தேசிய கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டம் நடக்கிறது. இதில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பக்கத்தில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு பாசிட்டிவ் என்றால் அம்மா, கூடப் பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் எல்லாரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். என் தம்பிக்கு அப்படித்தான் தெரிய வந்தது, இப்போது அவனும் மாத்திரை சாப்பிடுகிறான்.

அப்புறம், கமெண்டில் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போடாதீர்கள், அதில் உங்கள் பெயரும் போன் நம்பரும் இருக்கிறது. கேள்வியை மட்டும் எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.