காட்டுக்குள் போகும் முன் போட வேண்டிய கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பீஷான் பூங்காவிலும் மரினா பே கரையிலும் நீர்நாய்க் குடும்பம் மீன் பிடிப்பதைக் கூட்டமாக நின்று பார்க்கும் ஊர் நம் சிங்கப்பூர். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் சிலர், உயிரியல் பட்டம் கையில் வந்ததும், வனவிலங்கு அறிவியலில் மேற்படிப்பு படிக்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் "எனக்கு அழுங்கு பிடிக்கும், அதனால் அழுங்கைப் பற்றி ஆராய்வேன்" என்று தொடங்குகிறார்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல். ஆய்வுக்கு முதலில் வேண்டியது கேள்வி. எந்த விலங்கு என்பதை அந்தக் கேள்விதான் முடிவு செய்ய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 1986-இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை வந்து, புக்கிட் தீமா காட்டையும் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டையும் பிரித்துவிட்டது. 2013-இல் அந்தச் சாலைக்கு மேலே, 62 மீட்டர் நீளத்தில், மரங்கள் நட்ட ஓர் உயிரினப் பாலம் கட்டி முடித்தார்கள். "பாலத்தில் என்னென்ன விலங்குகள் போகின்றன?" என்று கேட்டால் கிடைப்பது ஒரு பட்டியல். "பாலத்தில் மரநாய் நடமாடும் அளவு, பாலம் இல்லாத காட்டு ஓரத்தில் நடமாடும் அளவைவிட அதிகமா?" என்று கேட்டால் ஒப்பிட ஓர் இடம் கிடைக்கிறது, நீங்கள் எதிர்பார்க்கும் விடை தவறாகவும் வாய்ப்பு இருக்கிறது. எதிர்பார்ப்பு தவறாக வாய்ப்பே இல்லாத கேள்வியை வைத்து ஆய்வேடு எழுத முடியாது.

அடுத்தது எண்ணிக்கை. நம் காட்டில் வாழும் ராஃபிள்ஸ் இலைக்குரங்குகள் மொத்தமே நூற்றுக்கும் குறைவு. அவற்றைக் காப்பது நம் கடமை. ஆனால் அவை சில கூட்டங்களாகத்தான் வாழ்கின்றன. ஒரே கூட்டத்தை முந்நூறு மணி நேரம் பின்தொடர்ந்தாலும் உங்களிடம் இருப்பது முந்நூறு மாதிரிகள் அல்ல, ஒரு கூட்டம்தான். அதே குரங்குகள், அதே மரங்கள். ஆய்வேட்டைப் படிக்கும் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

கோட்டுப்பாதையில், அதாவது காட்டுக்குள் முன்கூட்டியே வகுத்த ஒரு நேர்கோட்டில், நடந்து கண்ணில் படும் விலங்குகளை எண்ணி அடர்த்தியைக் கணிக்க விரும்புகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். நம்பத்தகுந்த மதிப்பீட்டுக்குக் குறைந்தது 60 முதல் 80 காட்சிகளாவது தேவை. சோதனை நடையில் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு காட்சி கிடைக்கிறது என்றால், நீங்கள் நடக்க வேண்டியது 120 முதல் 160 கிலோமீட்டர். ஒரு பாதை ஒன்றரை கிலோமீட்டர் என்றால் 80 முதல் 107 நடைகள். மழையில் நடக்க முடியாது, இடி இடித்தால் உடனே வெளியே வர வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை காலைப் பொழுதுகள் எத்தனை வீணாகும் என்று இப்போதே கழித்துப் பாருங்கள். இன்னொன்று: நடைபாதையையே கோடாக வைத்துக்கொள்ளாதீர்கள். நீண்டவால் குரங்குகள் மனிதர் நடமாடும் ஓரங்களுக்குத் தாமாக வரும். அங்கே எண்ணினால் காடு முழுக்கக் குரங்கு என்று தோன்றும்.

தானியங்கிக் கேமரா எளிது என்று பலர் நினைக்கிறார்கள். கேமராவைக் கட்டுவது எளிதுதான். தரையிலிருந்து முழங்கால் உயரம், 30 முதல் 50 சென்டிமீட்டர், சருகுமான் போன்ற சிறிய விலங்கென்றால் இன்னும் தாழ்வாக. கிழக்கு மேற்காகத் திருப்பினால் காலை, மாலை வெயில் நேரே விழுந்து பொய்ப் படங்கள் குவியும். இந்தக் கருவி விலங்கின் உடல்சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் உணர்கிறது. நம் ஊர் நண்பகல் வெப்பத்தில் அந்த வித்தியாசம் சுருங்கிப் போவதால், பகலில் நடமாடும் விலங்குகள் தவறிவிடலாம். முன்னால் ஒரு பிரம்பு இலை ஆடினாலே போதும், கேமராவின் நினைவக அட்டை நிறைந்துவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட மறந்தால் ஈரம் கண்ணாடியில் படியும், எறும்பும் குடியேறும்.

இவற்றைவிடப் பெரிய இழப்பு கடிகாரத்தால் வருவது. பேட்டரி மாற்றும்போது தேதியும் நேரமும் அழிந்துபோனால், அந்த விலங்கு இரவில் வந்ததா பகலில் வந்ததா என்று சொல்ல வழியில்லை. ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் நேரத்தைக் காட்டி கேமரா முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு திருத்த அது ஒன்றே ஆதாரம். படங்களைப் பிரிக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு லட்சம் படம், படத்துக்கு மூன்று வினாடி என்றால் 83 மணி நேரம். மனிதர் முகம் தெரியும் படங்களை உடனே தனியாக்கி நீக்க வேண்டும்.

அனுமதி இல்லாமல் எதுவும் நடக்காது. பூங்காக்களிலும் இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளிலும் ஆய்வு செய்யத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். விலங்கைப் பிடிக்க, தொட, அடையாளம் கட்டப் போகிறீர்கள் என்றால் பல்கலைக்கழகத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவும் ஒப்ப வேண்டும். ராணுவப் பயிற்சி நிலங்களின் விதிகள் வேறு. ஜொகூரிலும் சேர்த்து ஆராய நினைத்தால் மலேசிய அனுமதியைத் தனியே வாங்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மாதக் கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். இரண்டு ஆண்டு முதுநிலை ஆய்வில் களத்துக்கு உண்மையில் கிடைப்பது ஓராண்டு, சில நேரம் அதற்கும் குறைவு.

எங்கே படிப்பது? சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறையும், 2015-இல் திறந்த லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இருக்கின்றன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆசியச் சுற்றுச்சூழல் பள்ளி இருக்கிறது. தமிழ்நாட்டில் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுநிலைப் படிப்பு உண்டு. தேராதூனில் 1982-இல் நிறுவிய இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கிறது. இங்கே இல்லாத யானையையும் புலியையும் ஆராயும் கேள்வி உங்களுடையது என்றால் அந்தப் பக்கம் போவதே சரி.

ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட வழிகாட்டும் பேராசிரியர் யார் என்பது முக்கியம். அவருக்கு எழுதும் முதல் கடிதம் இருநூறு சொல்லைத் தாண்ட வேண்டாம். அவருடைய அண்மைய ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டையாவது படித்துவிட்டு, அதில் விடை கிடைக்காமல் நிற்கும் ஒன்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள். "சிறு வயதிலிருந்தே விலங்குகள் என்றால் உயிர்" என்ற வரி எல்லாக் கடிதத்திலும் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். சேர விரும்பும் பருவத்துக்கு ஒன்பது மாதங்களாவது முன்னால் எழுதுங்கள். அவர் சம்மதித்தால் அவருடைய மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். முடிக்க எத்தனை ஆண்டு ஆகிறது, களச்செலவை யார் தருகிறார்கள், திரட்டிய தரவு யாருக்குச் சொந்தம், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது. கேட்கச் சங்கடப்படாதீர்கள், பிற்காலத்தில் மனக்கசப்பு வருவதெல்லாம் இவற்றில்தான்.

பெற்றோர் கேட்பது வேலையைப் பற்றி. தேசியப் பூங்காக் கழகம், மண்டாய் வனவிலங்குக் குழுமம், கட்டுமானத்துக்கு முன் சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிடும் ஆலோசனை நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவை இருக்கின்றன. இடங்கள் குறைவுதான், மறைக்க வேண்டியதில்லை. புள்ளியியலும், அதற்குப் பயன்படும் 'ஆர்' (R) என்ற கணினி மென்பொருளும் கைவந்தவர்களுக்கு வேறு துறைகளிலும் கதவு திறக்கும். அதனால் சேரும் முன்பே 'ஆர்' மென்பொருளைப் பழகத் தொடங்குங்கள். பயிற்சிக்குத் தரவு வேண்டுமே என்று தேடி அலைய வேண்டாம். உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே தினமும் காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் நின்று, எந்தப் பறவை, எத்தனை, மழையா வெயிலா என்று முப்பது நாள் குறித்து வாருங்கள். ஒன்றும் வராத நாளில் சுழியம் என்று எழுதுங்கள். சுழியங்களையும் சேர்த்தால்தான் அது தரவு.

வணக்கம்.