குற்றவியல் தற்காப்பும் குடும்ப வழக்கும்: இளம் வழக்கறிஞர்களிடையே ஆற்றிய உரை

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பார் கவுன்சிலில் அண்மையில் பதிவு செய்துகொண்டு, எந்தத் துறையில் நிலைப்பது என்று இன்னும் முடிவெடுக்காமல் இங்கே அமர்ந்திருக்கும் இளம் நண்பர்களிடமே இன்று முதன்மையாகப் பேச விரும்புகிறேன். குற்றவியல் பக்கம் போகலாமா, குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று உங்களில் பலர் கேட்டீர்கள். மாவட்ட அளவில் தொழில் நடத்தப்போகிற ஒருவருக்கு இந்த இரண்டில் ஒன்றை முழுவதுமாக ஒதுக்கிவிடும் வசதி பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனால் ஒன்றில் நம்மை நல்ல வழக்கறிஞராக்குகிற அதே பழக்கம் மற்றதில் கட்சிக்காரரின் வாழ்க்கையையே கெடுத்துவிடக்கூடும் என்பதை முதல் ஆண்டிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

குற்றவியல் தற்காப்பை எடுத்துக்கொள்வோம். கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும், அவர் மூலம் வாதாடவும் அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு உரிமை தருகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளிதானா என்பதில் நம் சொந்தக் கருத்து எதுவாக இருந்தாலும் அவருக்காக வாதாட வேண்டும் என்று பார் கவுன்சில் விதிகளே கூறுகின்றன. இன்னாருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் நிறைவேற்றும் தீர்மானங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு நம் கோயம்புத்தூரிலிருந்து போனது என்பதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1944இல் நடந்த அந்தக் கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும், வழக்கு அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பிய பிறகு, 1947இல் விடுதலையானார்கள். அவர்களுக்காக வாதாடிய வி.எல். எத்திராஜ் அதற்கு முன்பு அரசுத் தரப்பில் கிரவுன் பிராசிக்யூட்டராக இருந்தவர். அவருடைய வாதத் திறனைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள்; நான் சொல்ல வருவது வேறு. தண்டனை தவறு என்று ஆனபோது அந்த இருவரும் ஏறத்தாழ 30 மாதங்களைச் சிறையில் கழித்துவிட்டார்கள், பாகவதரின் திரை வாழ்வு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. இறுதி வாதத்தில் வெல்வதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு என்பதைத்தான் அது எனக்குச் சொல்கிறது.

அந்த வேலை காகிதத்தில் இருக்கிறது. வழக்குக் கட்டு கைக்கு வந்ததும் முதல் தகவல் அறிக்கையின் கதையைப் படிக்கும் முன், அது எப்போது பதிவானது, நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) கைக்கு எந்தத் தேதியில் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவருடைய சுருக்கொப்பத்தின் அருகில் பாருங்கள். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்தே போய்விடும் தூரம் இருக்க, இரவு பதிவான அறிக்கை மறுநாள் மாலைதான் போயிருந்தால், இடைப்பட்ட நேரத்தில் என்ன நடந்தது என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிடுகிறது. அடுத்து, கைப்பற்றிய பொருள்களைப் படிவம் 95இல் நீதிமன்றத்துக்கு அனுப்பிய தேதியை, கைப்பற்றும்போது சாட்சிகள் முன் எழுதும் மகஜரின் தேதியோடு ஒப்பிடுங்கள். மகஜர் சாட்சி எந்த ஊர்க்காரர், அந்த நேரத்தில் அவர் அங்கே ஏன் நின்றார் என்று கேளுங்கள். சாட்சிகளின் வாக்குமூலங்கள் விசாரித்த அன்றே அனுப்பப்பட்டனவா, குற்றப்பத்திரிகையோடு சேர்ந்து மொத்தமாகப் போயினவா என்றும் பாருங்கள். பல வழக்குகளின் முடிவு இந்தத் தேதிகளில்தான் ஒளிந்திருக்கிறது.

குறுக்கு விசாரணையில் குரலை உயர்த்துவது இளையவர்களுக்குப் பிடித்தமானது. ஆனால் போலீஸ் விசாரணையில் சொல்லாத ஒன்றைச் சாட்சி கூண்டில் நின்று சொன்னால், அந்த முரணைச் சாட்சியிடம் முறையாகக் கேட்டுப் பதிவு செய்வதோடு நம் வேலை முடிவதில்லை. வாக்குமூலத்தைப் பதிவு செய்த புலனாய்வு அதிகாரி கூண்டேறும்போது அவரிடமும் அதைக் கேட்டு நிரூபிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் பல மாதங்கள் ஓடியிருக்கும். சாட்சியை மடக்கிவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் அதிகாரியிடம் கேட்க மறந்துவிட்டால், அந்த முரண் தீர்ப்பில் இடம்பெறாமலே போய்விடும்.

நாள்கணக்கிலும் இதே விழிப்பு வேண்டும். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் பெறுவது உரிமையாகிவிடும்; ஆனால் அதற்கு மனுப் போட்டாக வேண்டும். சென்னையில், இதைவிட நீண்ட 180 நாள் கெடு பொருந்திய ஒரு போதைப்பொருள் வழக்கில், அந்தக் கெடு முடிந்த மறுநாளே மனுத் தாக்கலானது. அன்றே விசாரணை முகமையும் குற்றப்பத்திரிகைக்கு நிகரான கூடுதல் புகாரைத் தாக்கல் செய்தது. உச்ச நீதிமன்றம் 2020இல் மனுவே முந்தியது என்று ஏற்றுக்கொண்டு, உரிமை அழிந்துவிடவில்லை என்றது. நாட்குறிப்பில் சரியாகக் குறித்து வைத்த ஒரு தேதி அந்த மனிதரை வெளியே கொண்டுவந்தது.

இனிக் குடும்ப நல நீதிமன்றம். எதையும் ஒப்புக்கொள்ளாதே, ஒவ்வொன்றையும் நிரூபிக்கச் சொல் என்பது குற்றவியல் தற்காப்பின் அடிப்படை. எதிரே நிற்பது அரசு என்பதால் அது நியாயமானதும்கூட. குடும்ப நல நீதிமன்றத்தில் எதிரே நிற்பவர் உங்கள் கட்சிக்காரரின் குழந்தைக்குத் தாய் அல்லது தந்தை. விவாகரத்து ஆன பிறகும் பள்ளிக் கட்டணத்துக்கும் காய்ச்சலுக்கும் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டுதான் ஆக வேண்டும். 1984ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டம் இதை அறிந்தே எழுதப்பட்டது: 9ஆம் பிரிவு சமரசத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்குகிறது, 13ஆம் பிரிவின்படி வழக்கறிஞர் மூலம் வாதாடுவதை யாரும் உரிமையாகக் கோர முடியாது, அனுமதி பெற்றுத்தான் நாம் ஆஜராகிறோம். இந்த ஏற்பாட்டை நமக்கு நேர்ந்த குறைவாகக் கருதும் நண்பர்கள் உண்டு. எனக்கு அது சரியென்றே படுகிறது. நடத்தையைப் பற்றி மனுவில் நாம் எழுதும் ஒரு வரி, வெற்றிக்கு எந்த உதவியும் செய்யாமல், அந்தக் குழந்தை வளர்ந்து படிக்கும் ஆவணமாக நிலைத்துவிடுகிறது.

ஆகவே அங்கே திறமை என்பது எதை எழுதாமல் விடுவது என்று அறிவதுதான். பணக் கணக்கில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும், மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை வழங்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் வகுத்தது. கட்சிக்காரர் சம்பளத்தைக் குறைத்துச் சொன்னால், வங்கிக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே கையெழுத்திடச் சொல்லுங்கள்.

பிழைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜூனியர்களுக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் கூறியிருக்கிறது. அதைக் கேட்பதில் உங்களுக்குத் தயக்கம் வேண்டாம், கொடுப்பதில் மூத்தவர்களான எங்களுக்கும் தயக்கம் இருக்கக் கூடாது. குற்றவியல் பயிற்சி வேண்டுவோர் 2022இல் வந்த சட்ட உதவித் தற்காப்பு வழக்கறிஞர் திட்டத்தைக் கவனியுங்கள். பணம் இல்லாதவருக்காக முழுநேரமாக, ஊதியத்தோடு வாதாடும் வாய்ப்பு அது.

கடைசியாக, இரண்டு நீதிமன்றங்களும் ஒரே வீட்டுக்குள் வந்து நிற்கும் வழக்குகள். மனைவி வரதட்சணைக் கொடுமைப் புகார் கொடுக்கிறார், கணவர் விவாகரத்துக் கேட்கிறார், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நடுவர் நீதிமன்றத்தில் ஒரு மனு, ஜீவனாம்சத்துக்கு வேறொன்று. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் காவல்துறை எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இத்தகைய புகார் ஒன்றில்தான். அந்தத் தீர்ப்பைக் கணவர் தரப்பு தெரிந்து வைத்திருக்கிறது; கைதைக் கட்டுப்படுத்தியதே தவிர, புகாரின் உண்மையைப் பற்றி அது எதையும் முடிவு செய்யவில்லை என்பதை மனைவி தரப்பு வழக்கறிஞர் எடுத்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். முன்ஜாமீன் மனுவில் ‘மூன்றாண்டாகப் பிரிந்து வாழ்கிறோம்’ என்று எழுதிவிட்டு, விவாகரத்து மனுவில் சென்ற ஆண்டு வீட்டில் நடந்த சண்டையை விவரித்தால், இரண்டும் ஒரே நாளில் குறுக்கு விசாரணைக்கு வந்து சேரும். ஒரு வழக்கில் ஏற்கெனவே ஜீவனாம்சம் உத்தரவாகியிருந்தால் அடுத்த வழக்கில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். எனவே, எந்த நீதிமன்றத்தில் உங்களுக்கு வக்காலத்து இருந்தாலும், மற்ற எல்லாக் கட்டுகளின் நகலையும் வாங்கி, கட்சிக்காரரை எதிரில் உட்கார வைத்து, தேதி வரிசையில் ஒருமுறை முழுவதும் படித்த பிறகே அடுத்த மனுவைத் தட்டச்சுக்குக் கொடுங்கள்.